பால் பாக்கெட்ல இருக்கு, பெட்ரோல் பம்ப்ல ஏன் இல்ல?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில 20 வருஷமா சின்னதா ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், கூடவே கம்ப்யூட்டர் சர்வீஸும் பண்றேன். படிச்சது டிப்ளமோ. சின்ன வயசுலேர்ந்தே ஒரு பொருள் கையில கெடச்சா ஸ்க்ரூவ கழட்டி உள்ள இன்னா இருக்குன்னு பாத்தே ஆவணும் எனக்கு, அது ரேடியோவோ மிக்ஸியோ வண்டியோ எதுவா இருந்தாலும் சரி. அந்தப் பழக்கத்துல தான் இந்த லெட்டர எழுதுறேன்: பெட்ரோல்ல எத்தனால், அதாவது கரும்பு, மக்காச்சோளத்துலேர்ந்து எடுக்கிற சாராயம், எவ்ளோ கலந்திருக்குன்னு பம்ப்ல தெளிவா எழுதி வெக்கணும், கம்ப்யூட்டர், செல்போனுக்கும் எத்தனை வருஷம் ஓடும்ன்னு சொல்லணும், அது தான் விஷயம். கொஞ்சம் நீளமா போயிடுச்சு, வெட்டித் தான் போடுவீங்கன்னா அந்தப் பெட்ரோல் டெஸ்ட் பத்தி எழுதின எடத்த மட்டும் வெட்டாதீங்க.

என் வண்டி 2012 மாடல், 100 சிசி, பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புற கார்புரேட்டர் இருக்கிற பழைய வண்டி. தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப மூணு வாரம் வாசல்ல சும்மா நின்னுச்சு, ஐப்பசி மழை வேற விடாம பேஞ்சுது. திரும்பி வந்து எடுத்தா பத்து கிக் அடிச்சப்புறம் தான் ஸ்டார்ட் ஆச்சு, ஆனா டோல்கேட் தாண்டுறதுக்குள்ள திக்கித் திக்கி நடு ரோட்ல நின்னுடுச்சு, பின்னாடி கன்டெய்னர் லாரி ஆரன் அடிக்குது, வண்டிய தள்ளிக்கினே தான் மெக்கானிக் தம்பி கடை வரைக்கும் போனேன். அவன் கார்புரேட்டர கழட்டி அடியில இருக்கிற அந்தக் கிண்ணத்த, ப்ளோட் சேம்பர்ன்னு சொல்றது, சாய்க்காம அப்படியே எடுத்து வெளிச்சத்துல காட்டுனான். மேல மஞ்சளா பெட்ரோல், கீழ தண்ணி மாதிரி ஒண்ணு தனியா நிக்குது, விரல விட்டா அந்தக் கீழ் தண்ணிக்கு சாராய வாசன. ஓரத்துல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கு. கிண்ணத்துக்குள்ள பெட்ரோல் வர்றத அடைக்கிற நீடில் நுனியில இருக்கிற ரப்பர் ஊதிப் போயிருந்துச்சு. "ணா, மழத் தண்ணி மூடி வழியா எறங்கியிருக்கு, அது மட்டும் இல்ல, இந்த ரப்பர் பாரு, இப்பல்லாம் வர்ற பழைய வண்டியில பாதிக்கு இதே கேஸ் தான்"ன்னான்.

நான் மெக்கானிக் சொன்னத அப்படியே நம்பி எழுதுற ஆளு இல்ல. அதனால ஒரு டெஸ்ட் பண்ணோம். பாரிஸ் பக்கம் லேப் சாமான் விக்கிற கடையில 100 மில்லி கண்ணாடி மெஷரிங் ஜார் ஒண்ணு வாங்கினேன். கடைக்கு வெளிய, யாரும் பீடி சிகரெட் பத்த வெக்காத எடத்துல, ஜார்ல 20 மில்லி தண்ணி ஊத்தி, அது மேல பங்க்ல புதுசா வாங்கின பெட்ரோல 100 கோடு வரைக்கும் ஊத்தி, வாய மூடி நல்லா குலுக்கி, பத்து நிமிஷம் அப்படியே வெச்சோம். மொதல்ல பூராவும் பால் மாதிரி கலங்குச்சு, அப்புறம் மெல்ல தெளிஞ்சு ரெண்டா பிரிஞ்சுது. 20ல நின்ன தண்ணிக் கோடு இப்ப 35க்கு ஏறி நிக்குது. அந்தக் கூடுன 15 மில்லி, பெட்ரோல்ல கலந்திருந்த எத்தனால். பெட்ரோலுக்கும் தண்ணிக்கும் நடுவுல விட்டா எத்தனால் தண்ணி பக்கம் தான் ஓடும். 80 மில்லி பெட்ரோல்ல 15, கொஞ்சம் மேலயே தங்கிடும்ன்னு வெச்சா கிட்டத்தட்ட 20 சதவீதம் சரியா வருது. அந்தப் பங்க்ல ஒரு கலப்படமும் இல்ல, கவர்மென்ட் சொன்ன அளவு தான் இருக்குது. சுத்தி நின்ன ஏழெட்டு பேரு, ரெண்டு ஆட்டோக்காரர், ஒரு டெலிவரி பையன், எல்லாருக்கும் அது ஆச்சரியம். அந்தப் பையன் தினமும் 100 கிலோமீட்டருக்கு மேல ஓட்டுறான், அவன் டேங்க்ல அஞ்சுல ஒரு பங்கு பெட்ரோலே இல்லன்னு அவனுக்கு அன்னிக்கு தான் தெரியும். என்னை எழுத வெச்சது அவன் மூஞ்சி தான்.

எத்தனால் கெட்டது, வேணாம்ன்னு நான் சொல்லல. நாம குடிக்கிற கச்சா எண்ணெயில 85 சதவீதத்துக்கு மேல வெளிநாட்டுலேர்ந்து வருது, அந்தக் காச கொஞ்சமாவது கரும்பு, மக்காச்சோளம் போடுறவங்களுக்கு மாத்துனா நல்லது தான். எத்தனால் கலந்தா ஆக்டேன், அதாவது எஞ்சின்ல தட்டாம எரியிற தன்மை, ஏறும், அதுக்குன்னே செஞ்ச எஞ்சின்ல அது லாபம். 2030க்கு வெச்சிருந்த 20 சதவீத இலக்க 2025க்கு முன்னாடி இழுத்தாங்க, 2023 பிப்ரவரியில இ20ன்னு பேர் வெச்சு இந்த 20 சதவீதம் கலந்த பெட்ரோல விக்க ஆரம்பிச்சாங்க, இப்ப பங்க்ல வர்ற சாதா பெட்ரோலே அது தான். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிங்க இ20 தாங்குற ரப்பர், ஓஸோட வருது. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கிற புகைக் கட்டுப்பாட்டு ரூல் வந்தப்புறம் வாங்குன வண்டியில பெரும்பாலும் ப்யூயல் இஞ்செக்‌ஷன் இருக்குது, சைலன்ஸர் பக்கம் ஒரு ஆக்ஸிஜன் சென்சார் உக்காந்து எரிஞ்ச புகைய மோந்து பாத்து கம்ப்யூட்டருக்கு சொல்லும், அது பெட்ரோல கூட்டிக் கொறச்சுக்கும். என்னோட கார்புரேட்டர்ல அந்த மூளை கெடையாது. பெட்ரோல் வர்ற ஜெட்ல இருக்கிற ஓட்டை எவ்ளோ பெருசோ அவ்ளோ தான் ஊத்தும், எத்தனாலுக்கு காத்து கம்மியா போதும், அதனால அதே ஓட்டையில இ20 ஊத்துனா கலவை மெலிஞ்சு போவுது, எஞ்சின் சூடாவுது, காலையில ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது.

மைலேஜ் கணக்கு எல்லாரும் கேப்பாங்க. எத்தனால்ல லிட்டருக்கு இருக்கிற சக்தி பெட்ரோல்ல இருக்கிறதுல மூணுல ரெண்டு பங்கு தான், அப்ப 20 சதவீதம் கலந்தா ஒரு லிட்டர்ல கிட்டத்தட்ட ஆறரை சதவீதம் சக்தி கொறையும், இது சாதாரண பெருக்கல் கணக்கு. மத்திய கவர்மென்டுக்கு யோசனை சொல்ற நிதி ஆயோக்கே 2021 ரிப்போர்ட்ல பழைய டூவீலருக்கு 3லேர்ந்து 4 சதவீதம், பழைய காருக்கு 6லேர்ந்து 7 சதவீதம் மைலேஜ் கொறையலாம்ன்னு எழுதியிருக்கு. நான் டேங்க் ஃபுல் பண்ணி, அடுத்த ஃபுல் வரைக்கும் மீட்டர பாத்து நோட்டுல எழுதுறவன், 62 வந்த வண்டி இப்ப 58, 59ல நிக்குது. வண்டிக்கும் வயசாயிடுச்சு, எண்ணூர் ஹைரோடும் எப்பவும் லாரி நெரிசல் தான், அதனால முழுசா எத்தனால் தலையில போட மாட்டேன். ஆனா அதே ரிப்போர்ட்ல இன்னொண்ணும் சொல்லியிருக்காங்க: மைலேஜ் கொறையறத ஈடுகட்ட, கலந்த பெட்ரோல் வெலை சாதா பெட்ரோல விட கம்மியா இருக்கணும்ன்னு. அந்த பாதிய யாரும் ஞாபகம் வெச்சிக்கல, வெலை ஒண்ணும் கொறையல.

இப்ப என் விஷயத்துக்கு வரேன். காலையில பால் வாங்கப் போறோம். ஆவின்ல நீலப் பாக்கெட்டுன்னா கொழுப்பு 3 சதவீதம், பச்சைன்னா 4.5, ஆரஞ்சுன்னா 6. எழுதப் படிக்கத் தெரியாத ஆயா கூட "பச்ச ஒண்ணு குடு நைனா"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போவும், எது காபிக்கு எது கொழந்தைக்குன்னு அதுக்குத் தெரியும், வெலையும் வேற வேற. வீட்டுக்கு வர்ற கேஸ் சிலிண்டர பாருங்க, கைப்பிடிக்கு உள்பக்கம் பட்டையில ஏ, பி, சி, டின்னு ஒரு எழுத்தும் வருஷமும் போட்டிருக்கும், 'ஏ'ன்னா ஜனவரிலேர்ந்து மார்ச், 'பி'ன்னா ஏப்ரல்லேர்ந்து ஜூன், அதுக்குள்ள திரும்ப டெஸ்ட் பண்ணணும்ன்னு அர்த்தம். வெறும் சிலிண்டர் எடை எவ்ளோன்னு கூட பெயிண்ட்ல எழுதியிருக்கும், 14.2 கிலோ கேஸ் இருக்கான்னு தராசு வெச்சு நாமளே பாத்துக்கலாம். ஃபிரிட்ஜ்ல ஸ்டார் ஸ்டிக்கர் இருக்கு, வருஷத்துக்கு இத்தனை யூனிட் இழுக்கும்ன்னு அதுல நம்பரே போட்டிருக்கு. இவ்ளோவும் நம்ம ஊர்ல, நம்ம கவர்மென்ட் கொண்டு வந்தது தான். ஆனா நான் போற பங்க்ல இ20ங்கிற ஸ்டிக்கர் உள்ளங்கை சைஸ்ல, வெயில்ல வெளுத்து, பம்ப் ஓஸுக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டிருக்கு. பில்லுல வெறும் பெட்ரோல்ன்னு தான் வருது.

ப்ரேசில் 1975லயே எத்தனால் திட்டம் ஆரம்பிச்ச நாடு, எல்லாரும் அதத் தான் உதாரணமா காட்டுறாங்க. அங்க பங்க்ல எத்தனால் தனி, எத்தனால் கலந்த பெட்ரோல் தனி, ரெண்டுக்கும் வெலை பெருசா போர்டுல இருக்கும். எத்தனால் வெலை பெட்ரோல் வெலையில 70 சதவீதத்துக்கு கீழ இருந்தா எத்தனால் போடு, மேல போனா பெட்ரோல் போடுன்னு சாதாரண ஜனங்களே மனக்கணக்குல முடிவு பண்ணுவாங்க. ரெண்டையும் தாங்குற வண்டி 2003லேர்ந்து அங்க விக்குது. அமெரிக்காவுல 15 சதவீதம் கலந்தா பம்ப்ல ஆரஞ்சு கலர் லேபிள் ஒட்டியே ஆவணும், எந்த வண்டியில போடக் கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கும், பைக்குக்கும் அத போடக் கூடாதுன்னு அங்க ரூல். நாம ப்ரேசில் மாதிரி கலக்குறதுக்கு மட்டும் போட்டி போட்டா போதாது, அங்க மாதிரி எழுதியும் வெக்கணும், பழைய வண்டிக்காரனுக்கு 10 சதவீதத்துல ஒரு பம்பாவது சாதா வெலையில விடணும். எத்தனால ரிஃபைனரியில கலக்குறது கெடையாது, தண்ணிய இழுத்துக்கும்ங்கிறதால டெர்மினல்ல, அதாவது பெட்ரோல சேத்து வெக்கிற டிப்போவுல, லாரியில ஏத்துறப்ப தான் கலக்குவாங்க. தண்டையார்பேட்டை பக்கம் ராத்திரி பகலா வரிசை கட்டி நிக்குற அந்த டேங்கர் லாரிங்கள்ல தான் இது நடக்குது, மணலி ரிஃபைனரி 1969லேர்ந்து ஓடுது, அந்தப் புகைய மோந்து வளந்த ஜனங்க நாங்க. எங்க டேங்க்ல இன்னா ஊத்துறீங்கன்னு எங்களுக்கு சொல்றதுக்கு ஒரு நல்ல ஸ்டிக்கர் கூடவா முடியாது?

நல்லா ஓடுற பழச வெச்சிருக்கிறவனுக்கு ஒண்ணும் சொல்லாம கைவிடுற இதே கதை தான் என் கடையில கம்ப்யூட்டர் டேபிள்லயும் நடக்குது. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ன்னு ஒரு செக்யூரிட்டி சிப் வேணும், இன்டெல்ல பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷன்லேர்ந்து தான் எடுத்துக்கும். செக்யூரிட்டிக்குன்னு சொல்றாங்க, அதுல நியாயமும் இருக்கு. ஆனா கொருக்குப்பேட்டைலேர்ந்து ஒரு அக்கா 2015ல வாங்குன கம்ப்யூட்டர ஆட்டோவுல வெச்சுக் கொண்டாந்தாங்க, பொண்ணு டிஎன்பிஎஸ்சிக்கு படிக்குது. வேற ஒரு கடையில காட்டுனதுக்கு "இது செத்துப் போச்சும்மா, 1,500 ரூபா தரேன் போட்டுட்டுப் போ, புதுசு 38,000"ன்னு சொல்லியிருக்காங்க. நாலாவது ஜெனரேஷன் ஐ3, 4 ஜிபி ராம், உள்ள தூசி ரெண்டு பிடி. சிபியூ ஃபேன கழட்டி கழுவி, சூட்ட இழுக்கிற பேஸ்ட் மாத்தி, ஹார்டு டிஸ்க்க எடுத்துட்டு அத விட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, இன்னொரு 4 ஜிபி ராம் சேத்து, விண்டோஸுக்கு பதிலா காசில்லாம கெடைக்கிற லினக்ஸ்ல ஒரு வகையான லினக்ஸ் மின்ட் ஏத்துனேன். அப்ப மூணு நிமிஷத்துக்கு மேல ஆன் ஆவும், இப்ப 25 செகண்ட். மின்ட் 22க்கு 2029 வரைக்கும் அப்டேட் இருக்கு, அந்த தேதிய அவங்க சைட்லயே போட்டிருக்காங்க. நான் அத ஒரு பேப்பர்ல பிரிண்ட் போட்டு கேபினெட் பக்கத்துல ஒட்டி அனுப்புனேன். மொத்த செலவு மூவாயிரத்துக்குள்ள. அந்தப் பொண்ணு மறு வாரம் வந்து "அங்கிள், தமிழ்99 கீபோர்டு எப்படி போடுறது"ன்னு கேட்டுச்சு, அத விட சந்தோஷம் இன்னா வேணும். 1999ல நம்ம சென்னையிலயே மாநாடு கூட்டி முடிவு பண்ண கீபோர்டு அது, எந்த லினக்ஸ்லயும் காசு இல்லாம இருக்கு.

லினக்ஸ் எல்லாருக்கும் சரிப்படும்ன்னு பொய் சொல்ல மாட்டேன். அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் வெச்சிருக்கிற கடைக்காரருக்கு கஷ்டம், சில பழைய பிரிண்டர் ஓடாது. என் கடையிலயே ஒரு பழைய விண்டோஸ் மெஷின் நெட் கனெக்‌ஷன் இல்லாம தனியா ஒரு மூலையில ஓடுது, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7க்காக. 2001ல வந்த சாஃப்ட்வேர், அதுக்கப்புறம் புது வெர்ஷனே வரல, ஆனா கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பத்திரம் எல்லாம் வானவில் எழுத்துருவுல அதுல தான் கெடக்குது. 15 வருஷ பைல். அத இன்னொரு கம்ப்யூட்டர்ல தொறந்தா சம்பந்தமே இல்லாத எழுத்தா கொட்டுது. யூனிகோடுல அடிச்சிருந்தா எதுல வேணா படிக்கலாம்ன்னு அன்னிக்கே யாராவது எங்க மாதிரி டிடிபிகாரங்களுக்கு உக்கார வெச்சு சொல்லியிருந்தா இவ்ளோ பைல் மாட்டியிருக்காது. தமிழ்நாடு கவர்மென்ட் 2010ல யூனிகோட ஏத்துக்கிட்டுச்சு, ஆனா அந்த சேதி எங்க டேபிளுக்கு வந்து சேர பல வருஷம் ஆச்சு.

இன்னொரு கேள்வி, ஸ்கூல் கம்ப்யூட்டருங்க இன்னா ஆவப் போவுது? கேரளாவுல கவர்மென்ட் ஸ்கூல் கம்ப்யூட்டர் எல்லாம் எத்தனையோ வருஷமா லினக்ஸ்ல ஓடுது. நம்ம சென்னையில இருக்கிற சிடாக்ங்கிற மத்திய கவர்மென்ட் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் தான் பாஸ்ன்னு ஒரு லினக்ஸ செஞ்சுது, 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப்ல அதுவும் சேத்துத் தான் கொடுத்தாங்க. ஆனா என் கடைக்கு அந்த லேப்டாப்ப தூக்கிட்டு வந்த பசங்க எல்லாம் மொதல்ல கேட்டது "அந்த பாஸ்ஸ அழிச்சிடுங்கண்ணா" தான். பசங்கள தப்பு சொல்ல மாட்டேன், அது எதுக்குன்னு ஒருத்தரும் அவங்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லித் தரல. இப்ப விண்டோஸ் 10 போன நெலமையில மறுபடியும் அத கையில எடுக்கலாம், நல்லா ஓடுற மெஷினுங்கள காயலான் கடையில கிலோ கணக்குல போட வேணாம்.

செல்போன்லயும் இதே கதை தான். காசிமேட்டுல மீன் விக்கிற ஒரு அம்மா, வஞ்சரம் வாங்கப் போனா எனக்கு எப்பவும் ஒரு துண்டு சேத்துப் போடும், அது போன தடவ செல்போன நீட்டி "தம்பி, பணம் வர்ற ஆப் தொறக்க மாட்டேங்குது"ன்னுச்சு. போன் நல்லா இருக்கு, பேட்டரி நிக்குது, ஸ்க்ரீன்ல கீறல் கூட இல்ல. ஆண்ட்ராய்டு வெர்ஷன் பழசு, ஆப் புது அப்டேட்ட ஏத்துக்கல, அவ்ளோ தான். பணம் வந்தா சவுண்டு பாக்ஸ் கத்துது, ஆனா அந்த அம்மாவால மீன் ஏலம் எடுக்கிறப்ப பணம் அனுப்ப முடியல. அந்த மாசம் மீன் வண்டி வாடகைய நிறுத்தி வெச்சு புது போன் வாங்குச்சு. வாங்குன கடையில "இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்"ன்னு நான் கேட்டேன், கடைப் பையன் பாக்ஸ திருப்பித் திருப்பிப் பாத்தான், எங்கயும் போடல. கேமரா எத்தனை மெகாபிக்ஸல்ன்னு நாலு எடத்துல போட்டிருந்துச்சு. இங்கிலாந்துல 2024 ஏப்ரல்லேர்ந்து செக்யூரிட்டி அப்டேட் எதுவரைக்கும்ன்னு விக்கிறப்பயே சொல்லியாவணும்ன்னு சட்டம், ஐரோப்பாவுல 2025 ஜூன்லேர்ந்து, ஒரு மாடல் விக்கிறத நிறுத்துனப்புறமும் அஞ்சு வருஷத்துக்கு ஓஎஸ் அப்டேட் கெடைக்கணும்ன்னு ரூல். அதே கம்பெனி போன் தான் இங்கயும் விக்குது.

எலெக்ட்ரிக் வண்டி வாங்குன்னு சில பேர் சொல்லுவாங்க. எனக்கும் ஆசை தான், 100 கிலோமீட்டருக்கு சுமார் மூணு யூனிட் கரண்ட், பெட்ரோல் கிட்டயே வர முடியாது. வியாசர்பாடி டிப்போலேர்ந்து 2025 ஜூன் 30ல 120 எலெக்ட்ரிக் பஸ் விட்டாங்களே, ஏறிப் பாத்தேன், சத்தமே இல்ல, படி தாழ்வா இருக்கிறதால வயசானவங்க முட்டிய பிடிக்காம ஏறுறாங்க, மனசுக்கு நிறைவா இருந்துச்சு. ஆனா எங்க தெருவுல ஒரே வாசல்ல ஆறு குடித்தனம், மாடி ஜன்னல்லேர்ந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்க விட்டு மழையில சார்ஜ் போட முடியுமா? தெருக்கு ரெண்டு சார்ஜிங் பாயின்ட், ஒவ்வொருத்தர் கார்டுல தனித்தனியா கணக்கு வர்ற மாதிரி வெச்சா நாளைக்கே பத்து வண்டி மாறும். அது வரைக்கும் எங்களுக்கு இந்தக் கார்புரேட்டர் வண்டி தான் சோறு போடுது.

கடைசியா உங்க கிட்டயே ஒரு விண்ணப்பம். உங்க பேப்பர்ல தினமும் தங்கம் வெலை பக்கத்துல பெட்ரோல், டீசல் வெலை கட்டம் கட்டி போடுறீங்க, டீக்கடையில மொத ஆளா நான் அதத் தான் பாப்பேன். அந்தக் கட்டத்துலயே பெட்ரோல்ங்கிற வார்த்தைக்குப் பக்கத்துல எத்தனால் 20 சதவீதம்ன்னு சேத்துப் போடுங்க, நாளைக்கு 27 ஆக்குனா 27ன்னு போடுங்க. மெக்கானிக் தம்பி அந்தத் துண்ட கத்தரிச்சு கடை போர்டுல ஒட்டுறேன்னு சொல்லியிருக்கான். அந்த மெஷரிங் ஜார் இன்னும் அவன் கடையில தான் இருக்கு, ஞாயித்துக்கிழமை காலையில யாராவது வந்து கேட்டா டெஸ்ட் பண்ணிக் காட்டுறோம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாசகன், சென்னை